மண்டப மேடையில் கம்பியில்லா பிளாஷ்: ஒரு வரவேற்பு இரவும் மறுநாள் முகூர்த்தமும்

தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் திருமண மண்டபத்தில் மாலை வரவேற்பின்போது எடுக்கப்பட்ட படங்களில் கணிசமானவை பாதி இருட்டாக வந்தன. மேடையின் இருபுறமும் ஒளியைப் பரப்பும் வெள்ளைக் குடை மாட்டி நிறுத்தப்பட்ட இரண்டு பிளாஷ்களும் சில படங்களில் அடித்திருந்தன. சிலவற்றில் ஒன்று மட்டும் அடித்திருந்தது. வேறு சிலவற்றில் இரண்டுமே அடிக்கவில்லை. மறுநாள் அதிகாலையில் அதே மேடையில் முகூர்த்தம். வரவேற்பில் ஒரு படம் கெட்டால் விருந்தினரைக் கேட்டு மறுபடி நிற்கச் சொல்லலாம். தாலி கட்டுவதை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது. படம் எடுத்தவர் பல ஆண்டுகள் இத்தொழிலில் இருக்கும் ஸ்டூடியோக்காரர். கேமராவின் மேல் பிளாஷை மாட்டி நேரடியாக அடிக்கும் பழைய முறையைக் கைவிட்டு, பிளாஷைத் தள்ளி வைத்து எடுக்கும் முறைக்கு அவர் அண்மையில்தான் மாறியிருந்தார். இரவுப் பந்தி முடிவதற்குள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

அன்றிரவு காலி மண்டபத்தில் செய்த சோதனைகளையும், விடியற்காலையில் மாற்றி அமைத்த ஏற்பாட்டையும், அதன் விளைவையும் இங்கே பதிவுசெய்கிறேன். கம்பியில்லா பிளாஷில் வரும் கோளாறு பெரும்பாலும் இரண்டு பாதைகளில் ஒன்றில்தான் இருக்கும். கேமராவிலிருந்து பிளாஷுக்குக் கட்டளை போகும் பாதை ஒன்று. பிளாஷிலிருந்து மனிதர் முகத்துக்கு ஒளி போகும் பாதை மற்றொன்று. இரண்டையும் பிரிக்காமல், ஆற்றலைக் கூட்டுவதும் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறனை) மாற்றுவதும் ஸ்டாண்டை நகர்த்துவதுமாக இருந்தால், கோளாறு தற்செயலாகச் சரியானாலும் எதனால் சரியானது என்பது தெரியாமலே போய்விடும். அந்த மாலையில் நடந்தது அதுதான். பிளாஷ் அடிக்காத படங்களைப் பார்த்து, ஒளி போதவில்லை என்று எண்ணி, அவர் ஆற்றலைக் கூட்டியிருந்தார். அடித்த படங்களில் மணமகளின் நெற்றி வெளுத்துப்போனது.

இருந்த ஏற்பாடு

கேமரா நிக்கான் டி7200. பிளாஷ்கள் இரண்டும் அதே நிறுவனத்தின் எஸ்பி-700. வானொலி அலையால் பிளாஷை இயக்கும் கருவி எதுவும் இல்லை. இந்தக் கேமராவின் தலையில் எழும் சிறு பிளாஷையே கட்டளை தரும் கருவியாக வைக்கலாம் என்பதால் தனியாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. நிக்கான் 2003இல் அறிமுகப்படுத்திய ஒளி அமைப்பின் தொடர்ச்சி இது. கேமராவின் சிறு பிளாஷ், கண்ணுக்கு ஒரே மின்னலாகத் தெரியும் அளவுக்கு விரைவாகச் சில துடிப்புகளை வெளியிடும். அத்துடிப்புகளின் இடைவெளியில் எந்தச் சேனல், எந்தக் குழு, எவ்வளவு ஆற்றல் என்ற செய்தி அடங்கியிருக்கும். தள்ளி நிற்கும் பிளாஷின் பக்கவாட்டில் உள்ள சிறிய உணர்வுச் சாளரம் அதைப் படித்து, ஷட்டர் திறந்திருக்கும் கணத்தில் பிளாஷை அடிக்கச் செய்யும். சேனல்கள் நான்கு, இந்தக் கேமராவின் சிறு பிளாஷால் ஏ, பி என இரண்டு குழுக்களைத் தனித்தனியே கட்டுப்படுத்தலாம். விருந்தினர்களின் கேமரா பிளாஷ் அடித்தால் நம்முடையது ஏமாந்து அடித்துவிடாது என்பது இதன் பெரிய நன்மை. செய்தி சங்கேதமாக இருப்பதால் வெறும் மின்னலுக்கு அது மசியாது.

நிக்கானின் இந்த வரிசையில் எல்லாக் கேமராவிலும் இந்த வசதி இல்லை என்பதை வாங்குவோர் கவனிக்க வேண்டும். டி90, டி7000, டி7100, டி7200, டி750 போன்றவற்றின் சிறு பிளாஷ் கட்டளை தரும். டி3000, டி5000 எனத் தொடங்கும் எளிய வரிசைகளின் சிறு பிளாஷ் தராது. கேனானில் 2009இல் வந்த 7டியில்தான் கேமராவின் சொந்த பிளாஷுக்கு இந்தத் திறன் முதலில் கிடைத்தது. கேமராவின் மேல் பிளாஷ் எழுந்து நிற்பதால் மட்டும் அது தள்ளியிருக்கும் பிளாஷை இயக்கும் என்று நம்பி ஸ்டாண்டும் குடையும் வாங்கி ஏமாந்தவர்களை இன்றும் காண்கிறோம்.

மேடை முப்பதடி அகலம். ஸ்டாண்டு ஒன்று மண்டபத்தின் வாசல் பக்கத்து மேடை ஓரத்திலும், மற்றொன்று சமையற்கட்டுப் பக்கத்து ஓரத்திலும் நின்றன. இரண்டும் மேடையின் நடுவை நோக்கித் திரும்பியிருந்தன. படம் எடுப்பவர் மேடைக்கு எதிரே சுமார் ஐந்தரை மீட்டர் தள்ளி நின்றார். அவருக்கு இருபுறமும் வீடியோக்காரர்கள் இரண்டு பெரிய எல்இடி பேனல்களை ஏற்றி வைத்திருந்தார்கள். மேடையின் பின்சுவர் முழுவதும் எல்இடி திரை.

முதல் சோதனை: கட்டளை போகிறதா

மண்டபம் காலியானதும், எல்இடி பேனல்களையும் திரையையும் அணைத்துவிட்டு, கேமராவை முக்காலியில் அவர் மாலையில் நின்ற இடத்திலேயே வைத்தோம். படத்தின் ஒளியளவைப் பற்றி இப்போது கவலை இல்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பொத்தானை அழுத்தும்போது இரண்டும் அடிக்கின்றனவா? வாசல் பக்கத்து பிளாஷ் ஒவ்வொரு முறையும் அடித்தது. சமையற்கட்டுப் பக்கத்தது பெரும்பாலும் அடித்தது. ஆனால் இடையிடையே விட்டது. காலி மண்டபத்திலேயே ஒன்று தடுமாறுகிறது என்றால் கூட்டத்தையும் பேனல்களையும் மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

காரணம் பிளாஷ் நின்ற விதத்தில் இருந்தது. உணர்வுச் சாளரம் பிளாஷின் உடலில் ஒரு பக்கத்தில் மட்டுமே உள்ளது. இரண்டு பிளாஷ்களையும் மேடையின் இரு ஓரங்களில் எதிரெதிராக நடுவை நோக்கி வைத்தால், ஒன்றின் சாளரம் கேமராவைப் பார்க்கும். மற்றொன்றின் சாளரம் மேடையின் பின்சுவரைப் பார்க்கும். காலி மண்டபத்தில் பின்சுவரில் பட்டுத் திரும்பிய துடிப்பு அதற்குப் போதுமானதாக இருந்தபோது அடித்தது, இல்லாதபோது விட்டது. மாலையில் பின்சுவரின் எல்இடி திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. மணமக்களும் அவர்களோடு படம் எடுத்துக்கொள்ள வந்த குடும்பங்களும் இடையில் நின்றார்கள். திரும்பி வரவேண்டிய ஒளி வரவில்லை.

தீர்வு எளிது. இவ்வகை பிளாஷ்களின் தலை உடலிலிருந்து தனியே சுழலும். உடலைத் திருப்பிச் சாளரத்தைக் கேமராவின் பக்கம் காட்டிவிட்டு, தலையை மட்டும் மறுபடி மேடையின் நடுவுக்குத் திருப்பினால் போதும். அப்படிச் செய்ததும் காலி மண்டபத்தில் இரண்டும் விடாமல் அடித்தன. ஒளிவழிக் கம்பியில்லா முறையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் ஸ்டாண்டை நிறுத்தியதும் முதலில் பார்க்க வேண்டியது இதையே என்று நான் கருதுகிறேன்; ஆற்றலும் குடையும் அப்புறம்.

அடுத்து எல்இடி பேனல்களைப் போட்டோம். கேமரா இருந்த இடத்தில் குறையில்லை. பின்னால் நகர நகர, ஒன்பது மீட்டரை நெருங்கும்போது, மறுபடி விடத் தொடங்கியது. இவ்வகைக் கேமராக்களுக்கு நேர் முன்புறத்தில் சுமார் பத்து மீட்டரும், பக்கவாட்டில் அதில் பாதியுமே எல்லையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பலமான ஒளி சாளரத்தின்மேல் நேரே விழும்போது அந்த எல்லை சுருங்கும். வெட்டவெளியில் வெயிலில் இம்முறை தடுமாறுவதும் இதனால்தான். பிறகு உதவியாளரைச் சாளரத்துக்கும் கேமராவுக்கும் நடுவில் நிற்கச் சொன்னோம். "அண்ணே, இந்தப் பக்கம் அடிக்கவே இல்ல" என்று அவரே சொன்னார்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. வரவேற்புக்கு இந்தத் திருத்தம் போதும்: மணமக்கள் நிற்பார்கள், வருவோர் வரிசையில் வருவார்கள், கேமராவுக்கும் மேடை ஓரத்துக்கும் இடையில் யாரும் நிற்பதில்லை. முகூர்த்தம் அப்படியன்று. கெட்டிமேளம் ஒலித்ததும் உறவினர்கள் எழுந்து மேடையைச் சூழ்ந்துகொள்வார்கள். அட்சதை தூவக் கைகள் உயரும். வீடியோக்காரர், புரோகிதர், பெற்றோர், நாத்தனார் என எல்லோரும் மணமக்களுக்கும் விளக்குக்கும் நடுவில் வருவார்கள். பார்வைக் கோடு தேவைப்படும் முறையை அந்தக் கணத்தில் நம்புவது சரியன்று. எனவே வானொலி டிரிகருக்கு (அடிக்கும் கட்டளையை வானொலி அலையில் அனுப்பும் கருவிக்கு) மாறினோம். கும்பகோணத்தில் இருந்த மற்றொரு ஸ்டூடியோவிலிருந்து ஒரு டிரான்ஸ்மிட்டரும் இரண்டு ரிசீவர்களும் இரவோடு இரவாக வந்துசேர்ந்தன. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் எளிய வகை அது: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, ஒற்றைத் தொடர்புமுனை, அடி என்ற கட்டளை மட்டும். ஆற்றல் அளவையோ டிடிஎல் கணக்கையோ (கேமராவே ஒளியை அளந்து பிளாஷின் ஆற்றலைத் தீர்மானிக்கும் முறை) அது கடத்தாது.

வானொலிக்கு மாறியபின் வந்த புதிய சிக்கல்கள்

எளிய டிரிகருக்கு மாறும்போது கேமரா தந்துவந்த சில பாதுகாப்புகள் போய்விடுகின்றன. அவற்றில் முதன்மையானது ஷட்டர் வேகம். சொந்த பிளாஷ் எழுந்திருக்கும்போது டி7200 வழக்கமான அமைப்பில் ஷட்டர் வேகத்தை 1/250 வினாடிக்கு மேல் ஏறவிடாது. ஒற்றை முனை டிரிகரைத் தலையில் செருகினால், அங்கே பிளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. 1/1000 வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். கேமராவின் ஷட்டரில் இரண்டு திரைகள் உள்ளன. முதல் திரை விலகிச் சென்றபின் இரண்டாவது திரை தொடர்ந்து வந்து மூடும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால், முதல் திரை முழுவதும் விலகுமுன்பே இரண்டாவது திரை புறப்பட்டுவிடும். ஒளியைப் பதியும் உணரி முழுதும் ஒரே கணத்தில் திறந்திருக்காது. பிளாஷின் மின்னலோ முழு ஆற்றலிலேயே வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் நீடிக்கிறது. ஆகவே திரை மறைத்த பகுதிக்கு பிளாஷின் ஒளி போய்ச் சேராமல், படத்தின் நீள ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

சோதனையில் 1/250இலேயே மெல்லிய நிழற்பட்டை தெரிந்தது. கேமராவின் எல்லையே 1/250தானே என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். அந்த எல்லை, கேமராவோடு நேரடியாகப் பேசும் பிளாஷுக்கு உரியது. எளிய டிரிகர் கட்டளையை வானொலியாக மாற்றி, அனுப்பி, மறுமுனையில் படித்து, பிளாஷுக்குச் சொல்லும் வரை சிறிது காலம் கழிகிறது. அந்தத் தாமதம் எல்லையைத் தின்றுவிடுகிறது. 1/200இல் பட்டை மறைந்தது. இருந்தாலும் 1/160ஐத் தேர்ந்தோம். விளிம்பில் நின்று பணிபுரிய வேண்டிய தேவை இல்லாத இடத்தில் இடைவெளி விட்டு நிற்பதே நல்லது. இச்சோதனையைச் செய்ய வெளிர் நிறச் சுவர் ஒன்று போதும்; மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டு, பிளாஷை அதன்மேல் அடித்து, ஷட்டர் வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்த்தால் உங்கள் டிரிகரின் உண்மையான எல்லை தெரிந்துவிடும்.

உயர்வேக ஒத்திசைவு என்னும் வசதி இந்த எல்லையை உடைக்கும். திரைகள் நகரும் நேரம் முழுவதும் பிளாஷ் தொடர்ச்சியாகத் துடித்து, ஏறத்தாழ நிலையான விளக்கைப்போல் நடந்துகொள்ளும். ஆனால் அதற்கு அதைப் புரிந்துகொள்ளும் டிரிகர் வேண்டும். ஒளியும் இரண்டு ஸ்டாப் அல்லது அதற்கும் மேல் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). வெயிலில் மணமக்களை வெளியே நிறுத்தி எடுக்கும்போது அது பெரும் துணை. மண்டபத்துக்குள் அதற்கு வேலையே இல்லை. ஆற்றலை வீணாக இழப்பதுதான் மிச்சம்.

இரண்டாவது சிக்கல், பிளாஷ் தூங்கிவிடுவது. ஒளிவழியில் துணை பிளாஷாக நிற்கும்போது இந்தக் கருவி விழித்தே இருக்கும். ரிசீவரின் மேல் சாதாரண நிலையில் நிற்கும்போது, சற்று நேரம் வேலையில்லாவிட்டால் மின்கலத்தைச் சேமிக்கத் தானாக அணைந்துவிடும். முகூர்த்தத்துக்கு முன் மந்திரங்கள் நீளும்போது படம் எடுப்பவர் கை ஓய்ந்திருக்கும். சரியாகத் தாலி எடுக்கும் நேரத்தில் பிளாஷ் உறங்கிக்கொண்டிருக்கும். பட்டியலில் ஸ்டாண்ட்பை என்னும் அமைப்பைத் தேடி அணைத்துவைத்தோம்.

மூன்றாவது, அலைவரிசை நெருக்கடி. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது வைஃபையும் புளூடூத்தும் உலவும் இடம். மண்டபத்தில் நேரலைக்காக ஒரு ரூட்டர் மேடைக்கு அருகிலேயே இருந்தது. காலையில் நூற்றுக்கணக்கான கைபேசிகள் வரும். டிரிகரின் சேனலை மாற்றிப் பார்த்து, ரூட்டர் இயங்கும்போதும் தடையில்லாத ஒன்றை வைத்துக்கொண்டோம். இதைவிட முக்கியமானது ரிசீவரின் உயரம். இந்த அலைவரிசையை மனித உடலில் உள்ள நீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இடுப்பு உயரத்தில் உள்ள ரிசீவருக்கும் கேமராவுக்கும் நடுவில் நாலு வரிசை மனிதர்கள் நின்றால், காலி மண்டபத்தில் முப்பது மீட்டர் பாய்ந்த சமிக்ஞை பத்து மீட்டரிலேயே தளரக்கூடும். ரிசீவர்கள் இரண்டையும் தலைகளுக்கு மேலே, இரும்புச் சட்டங்களை ஒட்டாமல் வைத்தோம்.

மின்கலங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிளாஷ்களில் மறுமின்னூட்டம் செய்யும் நிக்கல் வகைக் கலங்கள் போட்டோம். ரிசீவர்களில் புதிய கலங்கள். பழையதையும் புதியதையும் கலக்கவில்லை.

இரண்டாம் பாதை: ஒளி

கட்டளை உறுதியானபின்தான் ஒளியின் பக்கம் திரும்பினோம். இங்கேயும் ஒரு வரிசை உண்டு. முதலில் மண்டபத்தின் ஒளியை மட்டும் அளந்து, அதை எவ்வளவு இருட்டாக்குவது என்று முடிவுசெய்ய வேண்டும்; அதன்மேல்தான் பிளாஷைச் சேர்க்க வேண்டும். ஷட்டர் வேகத்தை எல்லைக்குள் மாற்றினால் மண்டபத்தின் ஒளி மட்டும் கூடும் அல்லது குறையும், பிளாஷின் ஒளி மாறாது. லென்ஸின் துளையளவையும் ஐஎஸ்ஓவையும் மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும். இந்த ஒரு தொடர்பு மனத்தில் பதிந்துவிட்டால் எந்த மண்டபத்திலும் தடுமாற்றம் இராது.

மேடையின் சொந்த விளக்குகளில் ஐஎஸ்ஓ 800, துளையளவு எஃப் 4, ஷட்டர் 1/100 வினாடி என்பது இயல்பான ஒளியளவாக வந்தது. நாங்கள் ஐஎஸ்ஓ 400, எஃப் 4, 1/160 வைத்தோம். இதனால் பின்னணி ஒன்றே முக்கால் ஸ்டாப் அளவுக்கு அடங்கியது. மேடை அலங்காரம் தெரியும். ஆனால் முகத்தோடு போட்டியிடாது. பின்னணியை முழு இருட்டாக்குவதை நான் விரும்புவதில்லை. முகூர்த்தப் படத்தில் கூடியிருந்த உறவினர்களின் முகங்களும் படத்தின் பகுதிதான். பிற்காலத்தில் அந்த ஆல்பத்தைப் புரட்டுபவர்கள் தேடுவது பெரும்பாலும் பின்வரிசையில் நின்ற பாட்டியையே.

பிளாஷின் ஆற்றலைத் தோராயமாகக் கணக்கிட்டுவிட்டே தொடங்கினோம். எஸ்பி-700இன் வழிகாட்டு எண் (தூரத்தையும் எஃப் எண்ணையும் பெருக்கினால் வரும், பிளாஷின் வலிமையைக் காட்டும் எண்), ஐஎஸ்ஓ 100இல், 35 மிமீ தலை நிலையில், மீட்டர் கணக்கில் 28. ஐஎஸ்ஓ 400 என்றால் அது இருமடங்காகி 56. ஆற்றலைக் கால்பங்காக்கினால் பாதியாகி மீண்டும் 28. தூரம் மூன்றரை மீட்டர் என்றால் 28ஐ 3.5ஆல் வகுக்க எஃப் 8 வருகிறது. குடை ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால் எஃப் 4. ஆகவே கால்பங்கு ஆற்றலில் தொடங்கலாம் என்பது ஒரு படம்கூட எடுக்காமலே தெரிந்துவிட்டது. சோதனைப் படத்திலும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் கால்பங்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முகூர்த்தத்தில் மூன்று முடிச்சும் சில வினாடிகளில் முடிந்துவிடும். அடுத்தடுத்துப் படம் எடுக்க வேண்டும். முழு ஆற்றலில் ஒருமுறை அடித்தால் இந்த பிளாஷ் மறுபடி தயாராக இரண்டரை வினாடி அளவு ஆகும்; ஆற்றலைக் குறைக்கக் குறைக்க அந்தக் காத்திருப்பும் குறையும். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், பிளாஷை மூன்றரை மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் முழுதாக ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கிடைக்கும். ஆற்றலை எட்டில் ஒரு பங்குக்கு இறக்கிவிடலாம். அதற்குத்தான் ஸ்டாண்டைக் கைவிட்டோம். கூட்டம் நெருக்கும் மேடையில் குடையோடு நிற்கும் ஸ்டாண்டு விழாமல் இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை; குழந்தைகள் ஓடும் இடம் அது. முகத்துக்கு ஒளி தரும் முன்விளக்கை ஒரு நீண்ட கோலின் முனையில் சிறிய சாஃப்ட்பாக்ஸோடு (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) கட்டி, உதவியாளர் கையில் கொடுத்தோம். அதன் விரிப்பு தின்னும் ஒளி குடையின் அளவை ஒட்டியே இருந்ததால் கணக்கு மாறவில்லை.

கையில் பிடிக்கும் விளக்கில் உள்ள ஆபத்து தூரம் மாறிக்கொண்டே இருப்பது. இரண்டரை மீட்டர் மூன்றரை ஆனால் ஒரு ஸ்டாப் போய்விடும். கோலிலிருந்து இரண்டரை மீட்டர் நீளத்துக்கு ஒரு நூலைக் கட்டி, மணைக்கு அருகில் தரையிலிருந்து அந்த அளவில் உதவியாளர் நிற்க வேண்டிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்தோம். அவருக்குச் சொன்னது இதுதான்: "தம்பி, யார் இடிச்சாலும் முன்னபின்ன நகரலாம், ஆனா கோட்டுக்குள்ள திரும்பி வந்துடணும். லைட்டு எப்பவும் பொண்ணோட முகத்துக்கு மேல, கொஞ்சம் பக்கவாட்டுல."

டிடிஎல் இருந்தால் இந்தக் கவலை இல்லையே என்று கேட்கலாம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில், தூரம் கணத்துக்குக் கணம் மாறும்போது, டிடிஎல்லே சிறந்தது. மணமேடையில் அது தடுமாறும். மணமகனின் வெள்ளை வேட்டியும், கூறைப்புடவையின் சரிகையும், நகைகளும், ஒளியை அளக்கப் படத்துக்குச் சற்றுமுன் அடிக்கும் முன்மின்னலைப் பலமாகத் திருப்பியடிக்க, கேமரா அதை மிகை ஒளியென்று கணக்கிட்டு முகங்களை இருட்டாக்கிவிடும். அடுத்த படத்தில் சட்டத்துக்குள் கறுத்த கோட்டு அணிந்த ஒருவர் வந்தால் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். முன்மின்னலுக்குக் கண்ணை மூடிவிடுவோரும் உண்டு. தூரத்தை நிலைநிறுத்த முடிந்த இடத்தில் கையால் வைத்த ஆற்றல் படத்துக்குப் படம் மாறாது. ஆல்பத்துக்கு வண்ணம் திருத்துபவருக்கும் அது பெரிய உதவி.

விளக்கின் கோணத்தைத் தீர்மானித்தது பட்டும் தங்கமும். சரிகையும் நகையும் கண்ணாடியைப்போல் ஒளியை வந்த கோணத்திலேயே திருப்புபவை. கேமராவுக்கு அருகிலிருந்து அடித்தால் ஒட்டியாணமும் நெற்றிச்சுட்டியும் வெள்ளைப் புள்ளிகளாகிவிடும்; வியர்த்த நெற்றியும் அப்படியே. கேமராவிலிருந்து ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகை விலகி, தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி வந்தபோது நேரடிப் பிரதிபலிப்பு லென்ஸைத் தவிர்த்துச் சென்றது. சரிகையின் நெசவு தெரிந்தது. தள்ளி வைத்த பிளாஷின் பயன் இங்கேதான் முழுமையாகக் கிடைக்கிறது. மிகச் சிறந்த பிளாஷைக் கேமராவின் தலையில் வைத்து நேரே அடித்தாலும் இந்த நெசவு கிடைக்காது.

இரண்டாவது பிளாஷைக் குடையில்லாமல் மேடையின் பின்புற ஓரத்தில், அலங்காரத் தூணுக்குப் பக்கத்தில், மணமக்களிலிருந்து ஐந்து மீட்டரில் உயரமாகக் கட்டினோம். பதினாறில் ஒரு பங்கு ஆற்றல். கணக்குப்படி அது எஃப் 2.8 அளவு, முன்னொளியைவிட ஒரு ஸ்டாப் குறைவு. தலைமுடிக்கும் பூவுக்கும் ஒரு விளிம்பு கொடுத்து, மணமகளின் கருங்கூந்தலைப் பின்னணியிலிருந்து பிரிப்பது அதன் வேலை. அக்கினி வளர்க்கும்போது எழும் புகை பின்னொளியில் பளிச்சென்று வெளுக்கும் என்பதால், அதன் கோணத்தைப் புகை எழும் இடத்தைத் தவிர்த்து வைத்தோம். கொஞ்சம் புகை ஒளிர்வது அழகு. படம் முழுதும் பால்போல் மங்குவது வேறு.

நிறத்தைச் சமன்செய்ய அதிக நேரம் ஆகவில்லை. பிளாஷின் ஒளி 5500 கெல்வினை ஒட்டியது. மேடை விளக்குகள் மஞ்சள் சாயல் கொண்டவை. இரண்டு பிளாஷிலும் பாதி அடர்த்தி ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்) ஒட்டி, கேமராவின் வெள்ளைச் சமநிலையை அதற்கு ஏற்பக் கெல்வின் எண்ணில் நிலையாக வைத்தோம். முழு அடர்த்தி போட்டிருந்தால் மேடை விளக்கோடு இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கும். ஆனால் வீடியோக்காரர்களின் பேனல்கள் வெண்ணொளி தருபவை என்பதால் நடுவழியைத் தேர்ந்தோம்.

முகூர்த்தத்தில் நடந்தது

கெட்டிமேளம் ஒலித்ததும் எதிர்பார்த்தபடியே கூட்டம் நெருங்கியது. பின்விளக்கும் கேமராவும் ஒன்றையொன்று பார்க்க முடியாத நிலை பலமுறை வந்தது. வானொலி வழி தடைபடவில்லை. உதவியாளர் ஒருமுறை முழுதாக ஓரம் தள்ளப்பட்டார். அப்போது எடுத்த படங்களில் முகம் ஒரு ஸ்டாப்புக்கு மேல் இருண்டிருந்தது. ரா வடிவில் (உணரி பதிந்ததை அப்படியே சேமிக்கும் வடிவில்) எடுத்ததால் அவற்றைப் பெருமளவு மீட்க முடிந்தது. முதல் முடிச்சிலிருந்து மூன்றாம் முடிச்சு வரை முன்னொளி எல்லாப் படத்திலும் இருந்தது. பின்னொளி சில படங்களில் விடுபட்டது. கேமராவின் தொடர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாததால் அன்று. பின்விளக்கின் ரிசீவரைத் தூணில் சுற்றிய அலங்காரக் கம்பி மறைத்திருந்தது பிறகு தெரிந்தது. அதிகாலையில் பூ அலங்காரம் செய்தவர்கள் கூடுதலாகச் சுற்றியது அது. இரவில் சோதித்தபோது இல்லை. முகூர்த்தத்துக்குச் சற்று முன், அலங்காரம் எல்லாம் முடிந்தபின், கட்டளைப் பாதையை மட்டும் இன்னொரு முறை சோதிக்கும் வழக்கத்தை ஸ்டூடியோக்காரர் அதன்பின் ஏற்படுத்திக்கொண்டார்.

டிரிகரின் மேலேயே மற்றொரு பிளாஷைச் செருகும் வசதி அந்த டிரான்ஸ்மிட்டரில் இருந்தது. கைவசம் இருந்த பழைய பிளாஷ் ஒன்றை அதன்மேல் அணைத்த நிலையில் வைத்திருந்தோம். தள்ளியிருக்கும் விளக்குகள் முற்றிலும் கைவிட்டால் அதைப் போட்டு, மேற்கூரையில் அடித்துச் சமாளிப்பது திட்டம். அதைப் பயன்படுத்த வேண்டி வரவில்லை. பழைய பிளாஷைக் கேமராவில் நேரடியாகச் செருகுமுன் அதன் தொடர்புமுனை மின்னழுத்தத்தைப் பார்ப்பது அவசியம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிலிம் காலத்து பிளாஷ்களில் சில, நூறு வோல்ட்டுக்கு மேல் தரக்கூடியவை. அவை எல்லா டிஜிட்டல் கேமராவுக்கும் டிரிகருக்கும் பாதுகாப்பானவை அல்ல.

இந்நிகழ்வுக்குப் பிறகு ஸ்டூடியோக்காரர் தம் ஏற்பாட்டை மாற்றினார். வானொலி ரிசீவரை உள்ளேயே கொண்ட பிளாஷ்களை வாங்கினார். கேனான் 2012இல் 600இஎக்ஸ்-ஆர்டி பிளாஷில் இந்த வசதியைத் தந்தது. நிக்கானும் 2016இல் எஸ்பி-5000இல் அதைக் கொண்டுவந்தது. இப்போது குறைந்த விலையிலும் பல நிறுவனங்கள் தருகின்றன. கோலின் முனையில் இருக்கும் விளக்கின் ஆற்றலைக் கேமராவின் தலையிலிருந்தே மாற்றலாம் என்பது திருமண மேடையில் மிகப் பெரிய வசதி. பழைய எஸ்பி-700 இரண்டையும் அவர் விற்கவில்லை. ஸ்டூடியோவின் உள்ளறையில் குழந்தைகளையும் குடும்பங்களையும் எடுக்கும்போது ஒளிவழியிலேயே அவற்றை இயக்குகிறார். வெள்ளைச் சுவர்கள் சூழ்ந்த சிறிய அறையில் அம்முறை குறையின்றி வேலை செய்கிறது.

தீராமல் நின்றது எல்இடி திரை ஒன்றுதான். வரவேற்பில் அது சிவப்பும் நீலமுமாக மாறி மாறி ஒளிர்ந்ததில் மணமகளின் கன்னத்தின் பின்விளிம்பு படத்துக்குப் படம் வேறு நிறமாக வந்தது. பிளாஷால் அதை முழுதாக வெல்ல முடியவில்லை, வென்றால் மேடையே இருண்டுபோகும். முகூர்த்தத்துக்கு மட்டும், திரையை இயக்குபவரிடம் முன்னதாகவே பேசி, அசையாத இளமஞ்சள் பின்னணி ஒன்றைப் போட்டு அதன் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னோம். அவர் மறுப்பேதும் சொல்லாமல் செய்துகொடுத்தார்.